நைனா கேட்ட ஆமை முட்டை

விலங்கியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு 'இயற்கை வளப் பாதுகாப்பு' என்று ஒரு தாள் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டில் கல்லூரி, தமிழ்வழி வகுப்பு. அந்தத் தாளுக்கு ஒழுங்கான புத்தகம் கிடையாது. விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதிக்கொள்வோம். வளங்கள் இரண்டு வகைப்படும்: புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை. காடு, மீன், மண் எல்லாம் முதல் வகை. நிலக்கரி, பெட்ரோல் இரண்டாம் வகை. மனிதர்கள் எந்த வகை சார் என்று ஒரு நாள் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார்.

துடுக்குக்குத்தான் கேட்டேன். அப்போது எனக்கு வாய் அதிகம்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கட்டுமரம். அம்மா கூடை தூக்கிப் போய் மீன் விற்பாள். குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் சில பேர் மூக்கைச் சுளிப்பார்கள். ஒருத்தி வாய்விட்டே சொன்னாள், மீன் வாசனை அடிக்கிறது என்று. "மீனு வித்துதான் டிக்கெட்டு வாங்கிகீறேன், வாசன வராம இன்னா வரும்?" என்று கேட்டேன். அதன் பிறகு அவள் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. வசதியாகப் போயிற்று, கால் நீட்டிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலங்களில் நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்துதான் பாடத்தை மனப்பாடம் செய்வேன். மீன் ஒரு புதுப்பிக்கத்தக்க வளம், மீன் ஒரு புதுப்பிக்கத்தக்க வளம் என்று நான் உருப்போடுவதை அவர் பீடியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"இன்னா பாப்பா, மீனு வளமா? கவர்மெண்டுக்கு இப்பத்தான் தெரிஞ்சிதா?"

"சும்மா இரு நைனா, பரீட்சைக்கு வரும்."

"பரீட்சைக்கு வர்து. வலைக்குத்தான் வர மாட்டேங்குது."

அவருக்கு எப்போதும் அப்படித்தான் பேச்சு. ஒரு வார்த்தை சொன்னாலும் அதில் ஒரு கிண்டல் இருக்கும். முதல் நாள் கல்லூரிக்குக் கொண்டு போய் விட்டவர், வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று நின்றுகொண்டார். கூச்சம். அதை மறைக்க, "உள்ள வந்தா என்னையும் சேத்துக்குவாங்க, அப்பறம் கடலுக்கு யாரு போறது?" என்றார்.

ஆமை விஷயத்துக்கு வருகிறேன். கடலாமைகளில் ஒரு வகையை எங்கள் பக்கம் பங்குனி ஆமை என்போம். தை மாதத்திலிருந்து கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடும். பங்குனியோடு வரத்து நின்றுவிடும். குப்பத்தில் எல்லாரும் அந்த முட்டையைத் தின்று வளர்ந்தவர்கள்தான், நானும். கோழி முட்டை மாதிரி ஓடு உடையாது, தோல் மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீரில் அவிப்பார்கள். எவ்வளவு அவித்தாலும் வெள்ளை கெட்டிப்படாது. தோலைக் கிள்ளி ஓட்டை போட்டு அப்படியே உறிஞ்ச வேண்டும். நைனாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. தை பிறந்தாலே கரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

அந்த முட்டைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் கிளம்பினார். பாடத்தைப் பலகையில் எழுதினால் போதாது, கையால் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. வகுப்பில் ஒரு குழு சேர்த்தார். குழுவுக்கு ஒரே விதி: எதைச் செய்வதானாலும் எல்லாரும் கை தூக்க வேண்டும், ஒருவர் தூக்காவிட்டாலும் செய்யக் கூடாது. எங்கள் குப்பத்துக் கரையில்தான் இடம் பார்த்தார்கள். சவுக்குக் கழி நட்டு, பனை மட்டை வைத்து வேலி அடைத்தோம். கிடைக்கிற முட்டைகளை உள்ளே குழி தோண்டிப் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவது திட்டம். 'குஞ்சு பொரிப்பகம்' என்று பலகை மாட்டினோம். குப்பத்தில் அதற்கு ஆமை ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீடு வீடாகப் போய் முட்டையைத் தின்னாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. குப்பத்துப் பெண் கேட்டால் கொடுப்பார்களாம். கொடுத்தார்கள், வாய் நிறைய. "படிக்க அனுப்பிச்சா ஊரு வாயில மண்ணப் போட வந்துகீது பாரு" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னாள் எங்கள் எதிர்வீட்டுக்காரி. நான் பதிலுக்குப் பதில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாளும் போனேன். ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் வாங்க, போங்க என்று பேசிக்கொண்ட வகுப்பு எங்களுடையது. அங்கே பேசிப் பழகிய மரியாதைத் தமிழில் குப்பத்தில் பேசினால் இன்னும் சிரித்தார்கள்.

பங்குனி முடியப் போகும் சமயத்தில் ஒரு காலை, வேலிக்குள் நாங்கள் சில பேர் நின்றுகொண்டிருந்தோம். நைனா துண்டை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். மூட்டையிலிருந்து ஈர மணல் உதிர்ந்துகொண்டே வந்தது. வேலி வாசலில் வைத்து அவிழ்த்தார். ஒரு குழி முட்டை முழுதும் இருந்தது.

"இந்தா பாப்பா. உன் ஆஸ்பத்திரில சேத்துக்கோ."

"ஒண்ணுகூட எடுத்துக்கலியா நைனா?"

"எடுத்தா அப்பறம் நிறுத்த முடியுமா? மொத்தமா குடுத்துட்டு ஓடிப்போயிட்றேன்."

சொல்லிவிட்டு இருமினார். குரல் கம்மியிருந்தது. பீடி இருமல் என்று நினைத்தோம். விரிவுரையாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நைனாவுக்கு வெட்கம் தாங்கவில்லை, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே போனார். அன்று எனக்கு வந்த பெருமை பிறகு எந்தப் பட்டம் வாங்கியபோதும் வரவில்லை. அவர் கொடுத்த முட்டைகளை வேலியின் மூலையில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டேன். அதன் பிறகு எங்கள் கரையில் ஆமை ஏறவில்லை. அந்த வருஷத்தின் கடைசிக் குழி அதுதான்.

சித்திரை பிறந்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. செங்கல்பட்டு எனக்குப் பழக்கமான ஊர் என்பதால் நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் நைனாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம், "படிக்கிற பொண்ணுதானே, உனக்குச் சொன்னா புரியும்" என்றார். புரிந்தது. தொண்டையில் புற்று, முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். புரியாதவளாக இருந்திருந்தால் வேறு யாராவது புரிந்துகொண்டு வந்து எனக்குச் சொல்லியிருப்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நைனா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை.

கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. பிறகு அதுவும் பாதி வெளியே வந்தது. அம்மா இளநீர் கொடுத்துப் பார்த்தாள், நொய்யைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு காலை அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். காதை அருகில் கொண்டு போனால்தான் குரல் கேட்கும்.

"பாப்பா, ஆம முட்டன்னா எறங்கும்னு தோணுது. வழுவழுன்னு போயிடும்."

பல நாளாக அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். சித்தப்பா உடனே கிளம்பி, கடப்பாக்கம் வரைக்கும் குப்பம் குப்பமாக விசாரித்துவிட்டு வந்தார். வரத்து நின்ற பிறகு முட்டைக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து அந்தக் கரையில் அப்போது ஆமை முட்டை இருந்தது ஒரே இடத்தில்தான். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பனை மட்டை வேலிக்குள். அதிலும் மற்ற குழிகள் எல்லாம் பொரித்து முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது நைனா கொண்டு வந்த குழி.

"நான் போயி எடுத்தாறேன்" என்றார் சித்தப்பா.

நைனா தலையை ஆட்டி மறுத்தார். "பாப்பா பேரு கெட்டுப்பூடும். கேட்டு வாங்கு."

கேட்டேன். விரிவுரையாளரால் எடுத்துக்கொள் என்றும் சொல்ல முடியவில்லை, கூடாது என்றும் சொல்ல முடியவில்லை. நல்ல மனிதர். அதனால் விதிப்படி குழுவைக் கூட்டினார்.

கல்லூரியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் கொடுத்த முட்டைதானே, அவருக்கே கொடுத்தால் என்ன என்றாள் ஒரு தோழி. எல்லாரும் கை தூக்கினார்கள், கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வரும் பையன் ஒருவனைத் தவிர. அவன் அப்பா அங்கே வேலை பார்த்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குழுவில் எல்லாரையும்விட உயிரைக் கொடுத்து உழைத்தவன் அவன்தான். சைக்கிளிலேயே வந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலியைக் காத்தவன்.

"கொடுத்த பிறகு அது அவருடையது இல்லைங்க. யாருடையதும் இல்லை. அதைத்தானே நாம படிக்கிறோம்? இன்னைக்கு நாம எடுத்தா நாளைக்குக் குப்பத்துல போய் எந்த முகத்தோட கேக்குறது? முட்டையால புற்று குணமாகுமா, சொல்லுங்க?"

"குணமாக்கக் கேக்கலைங்க" என்றேன். "சாப்பிடக் கேக்குறாரு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கையைத் தூக்கவில்லை. தேர்வு நெருங்கிவிட்டதால், முடிந்ததும் மறுபடி கூடலாம் என்று கலைந்தோம்.

தேர்வு நாட்களில் காலையில் நைனாவின் வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டு பஸ் ஏறுவேன். கருவியல் தாளில் கோழிக் கருவின் வளர்ச்சியைப் படத்துடன் விளக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நன்றாக எழுதினேன். செய்முறை வகுப்பில் அடைவைத்த முட்டையின் ஓட்டை ஊசியால் கீறி, உள்ளே இதயம் துடிப்பதைப் பார்த்தவள் நான். முதலில் மஞ்சள் கருவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி, அப்புறம் கண், அப்புறம் கால். வரிசையாக எழுதிப் படம் போட்டுப் பாகங்களைக் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "எல்லாரும் ஒத்துக்குவாங்க நைனா, கொஞ்சம் பொறு" என்று அவரிடம் சொன்னேன்.

கடைசித் தேர்வுக்கு மறுநாள் அந்தப் பையன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சைக்கிள் கைப்பிடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா. அதில் மணல் நிரப்பிக் குழியிலிருந்து கொஞ்சம் முட்டைகளை மட்டும் எடுத்துப் பதித்து வைத்திருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"எல்லார் வீட்டுக்கும் போய்க் கேட்டுட்டேங்க. நானும் கையைத் தூக்கிட்டேன். நானே தோண்டி எடுத்தேன்" என்றான்.

அம்மா அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உடனே அடுப்பை மூட்டி, கடல் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போட்டாள். எதிர்வீட்டுக்காரிகூட வந்து எட்டிப் பார்த்தாள். நைனாவைத் தூக்கிச் சுவரில் தலையணை வைத்துச் சாய்த்தோம். நான் கிள்ளித் தருகிறேன் என்றால் விடவில்லை. தன் கையாலேயே கிள்ளுவேன் என்று வாங்கிக்கொண்டார். விரலில் பலம் இல்லை, நேரம் பிடித்தது. முகத்தில் பழைய சிரிப்பு வந்திருந்தது.

கிள்ளிய இடத்தில் ஒன்றும் ஒழுகவில்லை. அவர் தோலை இன்னும் கொஞ்சம் பிரித்தார். உள்ளே ஓர் ஆமை இருந்தது. துடுப்புகளை மடக்கிக்கொண்டு, முதுகு வளைந்து, கண் மூடி. வயிற்றோடு ஒட்டி மஞ்சள் கரு கொஞ்சம்.

அம்மா அலறிவிட்டாள். அடுப்பிலிருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் அப்படித்தான்.

எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. முட்டை வைத்துப் பொரிப்பவர்கள் நாங்கள். எத்தனை நாளில் என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். ஆனால் எங்கள் குழுவில் என்னைத் தவிர யாரும் ஆமை முட்டை தின்றதில்லை, அதனால் அது சாப்பிடுகிற நாள் தாண்டிவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. குப்பத்திலோ தோண்டிய அன்றே தின்றுவிடுவார்கள், யாரும் நாள்பட வைத்திருந்ததில்லை. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. எனக்கு நைனாவின் தொண்டையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கொடுக்கலாமா கூடாதா என்று அத்தனை அழகாகப் பேசினோம். நாங்கள் பேசப் பேச அது மணலுக்குள் கை கால் முளைத்து வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

நைனா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அதன் முதுகைத் தடவினார். அப்புறம் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னா பாப்பா, காலேஜில இத்த சொல்லித் தரலியா?"

அதுதான் அவர் கடைசியாகச் செய்த கிண்டல். நான் அவர் மடியில் தலையை வைத்துக் கதறினேன். அந்தப் பையன் காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்றான். நைனா அவனைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டு, அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா குனிந்து கேட்டுவிட்டு அழுதுகொண்டே எழுந்து போய் ஒரு சொம்பு நீராகாரம் கொண்டு வந்து அவனிடம் கொடுத்தாள். "வெயில்ல வந்துகீறியாம், குடிச்சிட்டுத்தான் போணுமாம்" என்றாள். தன்னால் விழுங்க முடியாததை அவன் விழுங்கி முடிக்கும் வரை நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. வைகாசி பிறந்து சில நாளில் போய்விட்டார். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. குளிப்பாட்டும்போது அம்மா அந்த வயிற்றின்மேல் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை, பெண்கள் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

கருமாதிக்கு முந்தின நாள் விடியும் நேரத்தில், வேலிப் பக்கமிருந்து விரிவுரையாளர் ஆள் அனுப்பினார். மூலைக் குழியில் மிச்சம் விட்டிருந்த முட்டைகள் பொரித்து, மணல் பொங்கிக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டனவாம். அம்மாவையும் கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தார். அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

குழு முழுதும் அங்கே இருந்தது. கல்பாக்கம் பையன் எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கூடையில் சேர்த்துவைத்திருந்த குஞ்சுகளை ஈர மணலில் கவிழ்த்தார்கள். அவை விழுந்து புரண்டு, அலையைப் பார்த்துத் திரும்பி, துடுப்பை அடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தன. யாரும் கை தட்டவில்லை. முதல் குழி பொரித்த அன்று எல்லாரும் கூத்தாடினோம்.

அம்மா தண்ணீர் ஓரமாகப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். அலை வந்து ஒவ்வொன்றாக வாரிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், விரிவுரையாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சாரு, தாயும் கூட இல்ல. இதுங்களுக்கு அங்க யாரு தீனி குடுப்பாங்க? பசியிலயே செத்துப்பூடாதா?"

அவர் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். வகுப்பில் சொல்வது போலவே, மெதுவாக, புரியும்படி சொன்னார்.

"பசிக்காதும்மா. முட்டைக்குள்ள இருந்த மஞ்சக் கரு மிச்சம் வயித்துல இருக்கும். வெளிய வரும்போது அதையும் உள்ளேயே வெச்சிக்கிட்டுத்தான் வரும். கொஞ்ச நாளைக்கு அதுவே போதும். அதுக்குள்ள தானா இரை தேடப் பழகிக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, "அத்தத்தான் சாரு, அவரு கேட்டாரு" என்றாள்.

குஞ்சுகள் பசியில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.